அந்நியரின் பந்தியில்

ஞாயிறு ஆராதனை முடிந்து சபையின் படிகளில் இறங்கும்போது உங்கள் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி எது? எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்பது ஒன்றே: "அப்பா, இன்றைக்கு வெளியே சாப்பிடலாமா?" அன்றைய வேதபாடம் என்னவென்று கேட்டால் சற்று யோசிக்கிறவர்கள், இந்தக் கேள்வியை மட்டும் ஒருபோதும் மறப்பதில்லை.

டில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நமக்கு இக்கேள்விக்கு நெடுங்காலம் இரண்டே பதில்கள் இருந்தன. பெரியவர்களின் விருப்பப்படி போனால் கரோல்பாக்கிலோ முனிர்க்காவிலோ தோசை. பிள்ளைகளின் விருப்பப்படி போனால் வணிக வளாகத்தின் மேல்மாடியில் பீட்சா. தோசை நம் வீட்டிலேயே சுடுவது. பீட்சாவோ எந்த நகரத்தில் தின்றாலும் ஒரே அச்சில் வார்த்த பண்டம். மெட்ரோ ரயிலில் முக்கால் மணி நேரம் அமர்ந்தால் காபூலின் சோற்றையும் லாசாவின் கஞ்சியையும் அந்தந்த ஊர்க்காரர் கையாலேயே வாங்கி உண்ணலாம் என்பது, இந்நகரில் பிறந்து வளர்ந்து நாற்பது வயதைக் கடந்த பின்னரே எனக்குத் தெரிய வந்தது.

அதைத் தெரிவித்தவர் எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரி. விழுப்புரம் பக்கத்துக்காரர். ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலின் கரையில் மதராசி கேம்ப் என்று அழைக்கப்பட்ட தமிழர் குடியிருப்பில் வாழ்ந்தவர். வீட்டு வேலைகள் செய்து பிழைத்து வந்த அவர், சில ஆண்டுகளுக்கு முன் லாஜ்பத் நகரிலுள்ள ஓர் ஆப்கானிய உணவகத்தின் சமையற்கட்டில் வேலைக்குச் சேர்ந்தார். "தினம் ஒரு மூட்டை கேரட் அண்ணா. தீக்குச்சி மாதிரி சீவணும். சோத்துக்கு மேலே போடுவாங்களாம்" என்று அவர் ஜெபக்கூட்டத்தில் சொன்னபோது நாங்கள் சிரித்தோம். சோற்றின்மேல் கேரட்டா? சில மாதங்கள் கழித்து அவர் என்னிடமும் என் மனைவியிடமும், "முதலாளியம்மா உங்களையெல்லாம் கூட்டிட்டு வரச் சொல்றாங்க. நம்ம சபை ஜனங்களைப் பார்க்கணுமாம்" என்றார். அழைப்பைத் தட்ட மனம் வரவில்லை. அப்பொழுது திருநெல்வேலியிலிருந்து என் தாயாரும் வந்திருந்தார்கள். ஆறு பேராகப் புறப்பட்டோம்.

லாஜ்பத் நகரின் மத்திய சந்தையைத் தாண்டிக் கஸ்தூர்பா நிகேதன் பக்கமாகத் திரும்பினீர்களானால், கடைப் பலகைகளின் எழுத்து மாறுவதை நீங்களே காண்பீர்கள். வலமிருந்து இடமாக எழுதிய பாரசீக எழுத்து. மருந்துக்கடை, பயண முகவர், பணம் மாற்றுமிடம், ரொட்டிச்சூளை யாவற்றிலும் அதுவே. சூளையிலிருந்து எடுத்த நீளமான நான் ரொட்டிகளைத் துணிக்கடையில் வேட்டிகளைத் தொங்கவிடுவதுபோல் கம்பியில் மாட்டியிருப்பார்கள். ஒவ்வொன்றும் முழங்கை நீளத்துக்குக் குறையாது. விரலால் அழுத்திய கோடுகள் அதன் மேலே வரிவரியாக ஓடும்.

இந்தப் பகுதியின் வரலாறு கவனிக்கத்தக்கது. 1947-இல் நாடு பிரிந்தபோது மேற்குப் பஞ்சாபிலிருந்து வீடுவாசலை விட்டு ஓடிவந்த குடும்பங்களைக் குடியமர்த்த எழுந்த குடியிருப்புகளில் லாஜ்பத் நகரும் ஒன்று. அந்த அகதிகளின் பேரப்பிள்ளைகள் கட்டிய மாடிகளில்தான் பிறகு வந்த அகதிகள் வாடகைக்குக் குடியேறினார்கள். 1979-இல் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானில் நுழைந்தபின் ஒரு கூட்டம். 1990-களில் உள்நாட்டுப் போரும் தாலிபான் ஆட்சியும் துரத்தியபோது சீக்கியரும் இந்துக்களும் உட்பட மற்றொரு கூட்டம். 2021 ஆகஸ்டில் காபூல் மறுபடியும் தாலிபான் வசமானபோது இன்னுமொரு கூட்டம். இவர்களோடு, டில்லி மருத்துவமனைகளில் சிகிச்சைக்காக வந்து மாதக்கணக்கில் தங்கும் நோயாளிகளும் இருந்தார்கள். ஆப்கானிய உணவகங்கள் பெருகியதற்கு அவர்களும் ஒரு காரணம். நோயாளிக்குத் தன் ஊர்ச் சோறு வேண்டுமல்லவா?

உள்ளே கம்பளம் விரித்த மேடைமேல் திண்டுகள் சாய்த்திருந்தன. என் தாயாருக்கு முழங்கால் வலி. ஆகவே மேசை நாற்காலிகளில் அமர்ந்தோம். நாங்கள் தலைவணங்கி ஸ்தோத்திரம் செய்து முடிக்கும்வரை பரிமாற வந்த இளைஞன் தட்டைக் கையிலேந்தி அசையாமல் நின்றான். பின்பு காபூலி புலாவை வைத்தான். நெடிய அரிசி, இறைச்சிச் சாற்றில் வெந்து பழுப்பேறியிருந்தது. அதன்மேல் நெய்யில் வதங்கிய கேரட் இழைகளும் உலர்ந்த திராட்சையும். இறைச்சி கண்ணில் படவில்லை. சோற்றைக் கிளறினால் அடியில் ஆட்டிறைச்சி பெருந்துண்டாகக் கிடந்தது. விருந்தாளிக்கு உரியதை மறைத்து வைத்துத் தருவது அவர்கள் வழக்கமாம்.

எங்கள் அம்மா ஒரு வாய் உண்டு, சற்று நேரம் பேசாதிருந்தார்கள். பின்பு மெல்ல, "ஏ மக்கா, நல்லாத்தான் இருக்கு. ஆனா உறைப்பு எங்கே?" என்று கேட்டார்கள். கேட்டதோடு நில்லாமல், கைப்பையிலிருந்து ஒரு சிறு புட்டியை எடுத்தார்கள். நார்த்தங்காய் ஊறுகாய்! பிள்ளைகளுக்கு நாணம் பிடுங்கித் தின்றது. "ஆச்சி, உள்ளே வையுங்கள்" என்று கெஞ்சினார்கள். அதற்குள் முதலாளியம்மா அருகில் வந்துவிட்டார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவரோ இந்தியில், தம் மாமியாரும் காபூலிலிருந்து புறப்பட்டபோது துணிகளை விட்டுவிட்டு ஒரு புட்டி ஊறுகாயை எடுத்துக்கொண்டு வந்ததாகச் சொன்னார். ஓர் ஆரஞ்சு இலைபோல் மெல்லிய துணுக்கை ரொட்டியில் வைத்துச் சுவைத்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. உறைப்பினால்தான்.

அன்று உண்ட மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். மந்து என்பது கொத்திய இறைச்சியும் வெங்காயமும் வைத்து ஆவியில் அவித்த மெல்லிய மாவுப்பொதி. மேலே தயிரும் பருப்புக் குழம்பும் ஊற்றி, உலர்ந்த புதினாவைத் தூவுகிறார்கள். நம் கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம். போலானி என்பது உருளைக்கிழங்கோ ஒருவகைப் பூண்டுத்தாளோ அடைத்துச் சுட்ட ரொட்டி. இறைச்சி உண்ணாதவர்களுக்கும் ஏற்றது. தோக் என்பது புதினா சேர்த்த மோர். முடிவில் ஏலக்காய் போட்ட பச்சைத் தேநீர். காரம் எதிலும் இல்லை. சிறு பிள்ளைகளுக்கு இதைவிட இணக்கமான அந்நிய உணவு வேறொன்றை நான் அறியேன். நீங்கள் போகும்போது ஆளுக்கொரு தட்டு கேட்டு ஏமாறாதீர்கள்: ஐந்து பேருக்கு இரண்டு புலாவ், ஒரு மந்து, ஒரு போலானி தாராளம். மீதமாவதைக் கட்டித் தருவார்கள். நாங்கள் போன இடத்தில் மது கிடையாது என்பதையும் குடும்பமாய்ப் போகிறவர்கள் குறித்துக்கொள்ளலாம். ரம்ஜான் மாதத்தில் பகலில் கடை மூடியிருக்கக்கூடும். தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது நலம்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. வயிறு காரணமன்று. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு நண்பகல் நினைவில் எழுந்தது.

என் தகப்பனார் மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தர். ராமகிருஷ்ணபுரத்தில் அரசுக் குடியிருப்பு. பள்ளியில் நண்பகல் மணி அடித்ததும் நான் டப்பாவைத் திறப்பேன்: புளிக்குழம்புச் சோறும் கருவாட்டுத் துண்டும். உடனே சுற்றியிருந்த பெஞ்சுகள் காலியாகும். மூக்கைப் பொத்திக்கொண்டு, "மதராசி வந்துவிட்டான்" என்று ஒருவன் கூவுவான். நான் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் முதல் வெறும் ரொட்டியும் சர்க்கரையும் போதும் என்று மட்டும் சொன்னேன். அம்மாவும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காமலே புரிந்துகொண்டார்கள் என்பது என் பிள்ளைகள் பிறந்த பின்னரே எனக்கு விளங்கிற்று.

அப்படிக் கூவியவனுடைய தாத்தா பெஷாவரிலிருந்து ஓடிவந்தவர். அவன் வீட்டார் பெருமையோடு அழைத்துப்போன தரியாகஞ்சு உணவகமாகிய மோத்தி மகாலும் அகதிகள் தொடங்கியதே. குந்தன்லால் குஜ்ரால் முதலியோர் பெஷாவரில் தந்தூர் அடுப்பில் கோழி சுட்டுப் பழகியவர்கள். 1947-இல் எல்லாவற்றையும் இழந்து டில்லிக்கு வந்து அக்கடையைத் திறந்தார்கள். இன்றைக்கு உலகமெங்கும் இந்திய உணவு என்று அறியப்படுகிற தந்தூரி கோழியும் பட்டர் சிக்கனும் புகழ் பெற்றது இப்படித்தான். பட்டர் சிக்கனை முதலில் ஆக்கியவர் யார் என்று அக்குடும்பங்களின் வழிவந்தோர் 2024 ஜனவரியில் டில்லி உயர் நீதிமன்றத்துக்கே போய்விட்டார்கள். வெறுங்கையோடு வந்தவர்களின் கைமணத்துக்கு அவர்கள் பேரர் காலத்தில் அவ்வளவு மதிப்பு! டில்லிக்காரரின் சொந்த உணவு என்று நாம் எண்ணியதும் ஒரு காலத்தில் வந்தேறிகளின் டப்பாச் சோறே.

இதையெல்லாம் அறிந்த நானும் பிடிபட்டேன். மஜ்னு கா டீலாவுக்குப் போன அன்று.

யமுனைக் கரையில், குருத்வாராவுக்கு அருகே, வெளிவட்டச் சாலையை ஒட்டி அமைந்த திபெத்தியர் குடியிருப்பு அது. நியூ அருணா நகர் என்பது அரசு ஏடுகளில் அதன் பெயர். 1959-இல் தலாய் லாமா இந்தியாவுக்குள் வந்ததைத் தொடர்ந்து திபெத்தியர் ஆயிரமாயிரமாய் எல்லை கடந்தார்கள். அவர்களில் சிலர் 1960-களில் இங்கே குடிசை போட்டார்கள். இன்று நான்கைந்து மாடிக் கட்டடங்கள். இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள். விதான் சபா மெட்ரோ நிலையத்தில் இறங்கி ஆட்டோவில் போகலாம்.

தெருமுனையில் சிவப்புச் சட்னியோடு நம் பிள்ளைகள் தின்னும் மோமோவை அங்கே தேடாதீர்கள். அங்கே மோமோ அடக்கமான உணவு. உறைப்பு தனியே கிண்ணத்தில் வரும். குளிர்காலமானால் தென்துக் கேளுங்கள். கையால் இழுத்துக் கிள்ளிப் போட்ட மாவுத்துண்டுகள் கீரையோடும் இறைச்சியோடும் மிதக்கும் சூடான கஞ்சி அது. சளி பிடித்தவருக்கு நம் மிளகு ரசத்துக்குச் சமானம். திங்மோ என்பது மடிப்பு மடிப்பாக அவித்த ரொட்டி. லாஃபிங் என்பது பாசிப்பயற்று மாவுச்சத்தில் செய்த வழுவழுப்பான குளிர்ந்த பண்டம். மிளகாய் எண்ணெயும் பூண்டும் சேர்ந்து நெல்லைக்காரரையே தண்ணீர் கேட்க வைக்கும். என் தாயார் உறைப்பு எங்கே என்று தேடியது அங்கேதான் இருந்தது.

அடுத்து வெண்ணெய்த் தேநீர் வந்தது. தேயிலை நீரில் வெண்ணெயும் உப்பும் போட்டுக் கடைந்தது. என் இளைய மகன் முகர்ந்தான், மூக்கைப் பொத்திக்கொண்டு, "சீ, நாற்றம்!" என்று உரக்கச் சொன்னான். சொன்னது இந்தியில். பரிமாறிய முதியவர் காதில் விழுந்தது. அவர் முகம் மாறவில்லை. கோப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு போய், பாலும் சர்க்கரையும் போட்ட தேநீரைக் கொண்டுவந்து வைத்தார். நானும் அதே நேரத்தில் முகம் சுளித்திருந்தேன் என்று என் மனைவி பின்னர் சொன்னாள். பிள்ளை யாரிடம் கற்றான்?

வீட்டுக்கு வந்ததும் என் டப்பாவின் கதையை முதன்முறையாக அவனிடம் சொன்னேன். அடிக்கவில்லை, அறிவுரையும் கூறவில்லை. "அந்தப் பையன் பெயர் என்ன அப்பா?" என்று கேட்டான். சொன்னேன். இரண்டு வாரம் கழித்து அவனே, "அந்தத் தாத்தா கடைக்குப் போகலாமா?" என்றான். போனோம். வெண்ணெய்த் தேநீரைக் கேட்டு வாங்கி, பாதிவரை குடித்தான். அதை அந்த ஊர்க்காரர்கள் தேநீர் என்று எண்ணாமல் சூப்பு என்று எண்ணிக் குடித்துப் பார்க்கும்படி முதியவர் சொல்லிக் கொடுத்தார். உண்மையில் அப்படி எண்ணினால் இறங்குகிறது.

உணவைப் பற்றி நம் சபையார் கேட்கும் ஒரு கேள்விக்கும் இங்கே பதில் சொல்லவேண்டும். எருசலேமின் மூப்பர்கள் அந்தியோகியாவுக்கு எழுதிய நிருபத்தை வைத்து, இரத்தம் சேர்ந்த பண்டங்களை விலக்குகிறவர்கள் நம்மில் அநேகர். அப்படிப்பட்டவர்கள் திபெத்தியக் கடைகளில் கியூமா என்பதையும், கொரியக் கடைகளில் சுண்டே என்பதையும் தவிர்த்துவிடலாம். இரண்டும் இரத்தம் சேர்த்த குடல்பொதிகள். 'பஃப்' என்று பட்டியலில் கண்டால் அது எருமை இறைச்சி. பன்றி இறைச்சி இரு இடங்களிலும் சாதாரணம். சந்தேகம் வந்தால் கேளுங்கள். கேட்பதில் குற்றமில்லை, எவரும் கோபிப்பதில்லை. கேட்கும் குரலில்தான் எல்லாம் இருக்கிறது. "இதில் என்ன சேர்த்திருக்கிறீர்கள்?" என்பது ஒன்று, "இதையெல்லாமா தின்கிறீர்கள்?" என்பது வேறு.

மேற்கு டில்லியில் விகாஸ்புரி, உத்தம் நகர்ப் பக்கம் வாழ்கிற நண்பர்களுக்கு ஒரு சொல். மியான்மரிலிருந்து 1988-க்குப் பின்னும் 2021 இராணுவப் புரட்சிக்குப் பின்னும் வந்த சின் இனத்தார் உங்கள் அண்டை வீடுகளில் இருக்கிறார்கள். பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். சபுட்டி என்னும் அவர்களுடைய மக்காச்சோளக் கஞ்சி இறைச்சியோடு மணிக்கணக்கில் கொதிப்பது. அவர்கள் உணவு நமக்கு முற்றிலும் அந்நியமும் அன்று: 1962-இல் ரங்கூனில் இராணுவ ஆட்சி ஏற்பட்டபின் கப்பலேறித் திரும்பிய நம் தமிழ் ஜனங்கள் கொண்டுவந்த அத்தோவும் மொய்ங்காவும் சென்னை பர்மா பஜார்ப் பக்கம் இன்றும் விற்கின்றனவே. அகதியாய்த் திரும்பியவர் நம்மவர். அவர் கையில் இருந்ததும் ஒரு சமையல் குறிப்புதான்.

இனி, எங்கள் சகோதரிக்கு வருகிறேன்.

2021 ஆகஸ்டில் ஆப்கானியருக்கு முன்பு வழங்கப்பட்ட விசாக்கள் செல்லாதவை என்று நம் அரசு அறிவித்தது. நோயாளிகளின் வரத்து அறுந்தது. அந்த உணவகத்தில் ஆறு மேசைகளில் நான்கு காலியாகவே இருக்கும். 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திட்டதில்லை. ஆகவே அந்த முதலாளியம்மாவின் கையில் இருந்தது ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையம் கொடுத்த ஓர் அட்டை மட்டுமே. கடையின் உரிமமோ வேறொருவர் பெயரில். ஆயினும் கேரட் சீவ வேறு ஆள் வேண்டாம் என்று அவர் எங்கள் சகோதரியை நிறுத்தவில்லை. சம்பளம் சில மாதம் பாதியாக வந்தது, சில மாதம் நான் ரொட்டியும் இறைச்சியுமாக வந்தது.

2025 ஜூன் 1-ஆம் தேதி, நீதிமன்ற ஆணையின்படி மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. முந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகள். தகுதியுள்ளோர் என்று பட்டியலிடப்பட்டவர்களுக்கு நகரின் வட எல்லையிலுள்ள நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள். மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. எங்கள் சகோதரியின் பெயர் பட்டியலில் இருந்தது. வீடு இடிபடுவதற்கு முந்தின நாள் சாமான்களை ஏற்ற நாங்கள் நான்கு பேர் போயிருந்தோம். அங்கே எங்களுக்கு முன்பே ஒரு வேன் நின்றது. உணவகத்தின் வேன். முதலாளியம்மா தம் இரு மகன்களோடு வந்து, பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். எதை மடியில் வைத்துக் கொண்டுபோக வேண்டும், எதை விட்டுப்போகலாம் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ரேஷன் அட்டையையும் பள்ளிச் சான்றுகளையும் ஒரு துணிப்பையில் போட்டு, சகோதரியின் கழுத்திலேயே மாட்டிவிட்டார். ஊறுகாய்ப் புட்டியைத் தம் கையில் வைத்துக்கொண்டார்.

நரேலாவிலிருந்து லாஜ்பத் நகருக்குப் போய்வர நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் பிடிக்கிறது. இரண்டு மாதம் முயன்றுவிட்டு, சகோதரி வேலையை விட்டுவிட்டார். அந்த ஆப்கானியக் குடும்பமும் கனடா போவதற்கான தாள்களுக்காகக் காத்திருக்கிறது. கடை எத்தனை நாள் திறந்திருக்கும் என்று அவர்களுக்கே தெரியாது. ஆகையால் நீங்கள் போவதாக இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். அந்தச் சந்தில் இன்னும் பல உணவகங்கள் உண்டு. எந்தக் கதவைத் திறந்தாலும் ஏறக்குறைய இதே கதை உள்ளே அமர்ந்திருக்கும்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறு எங்கள் சபையில் அன்பின் விருந்து. வழக்கமாகப் பிரியாணி. இம்முறை சமையல் தன் பொறுப்பு என்று நரேலாவிலிருந்து சகோதரி சொல்லியனுப்பினார். அதிகாலையிலேயே வந்து மகளிர் அணியினரை வரிசையாக உட்காரவைத்து, பதினைந்து கிலோ கேரட்டை முன்னால் கொட்டினார். "தீக்குச்சி மாதிரி" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே நடந்தார். தடித்துச் சீவியவர்களின் பங்கைத் தனியே ஒதுக்கினார். பெரிய அண்டாவில் வெந்த சோற்றைக் கிளறாமல், இறைச்சி அடியில் மறைந்திருக்கும்படியே பரிமாறச் செய்தார்.

முதலாளியம்மாவும் வந்திருந்தார். பெண்கள் பந்தியில் என் தாயாருக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தோம். ஒரு வாய் உண்டு, அரிசி சற்றுக் குழைந்துவிட்டது என்று சகோதரியிடம் சொன்னார். எங்கள் அம்மா கைப்பையைத் திறந்துகொண்டிருந்தார்கள்.